அவள் கை நிறத்தில் ஒரு தோல்

தோலின் நிறம்தான் எங்களை ரொம்பப் படுத்தியது. சதை சுலபமாக வந்துவிட்டது. சிலிக்கான் ரப்பர் என்று ஒன்று, தேன் மாதிரிக் கெட்டியாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அதில் பெயிண்டுக்குப் போடும் வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் போட்டு, கறுப்பு மையில் ஒரு சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் காற்றை உறிஞ்சி எடுத்து, கிண்ணத்தில் ஊற்றி மறுநாள் கவிழ்த்தால் சதை. தோல் அப்படி வரவில்லை. ஒரு தடவை செங்கல் நிறத்தில் வந்தது. ஒரு தடவை செருப்புத் தோல் மாதிரி வந்தது. கல்லூரியிலிருந்து வருகிற மேடம் ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் தூக்கிப் பார்த்து, "இது நம்ம ஊர் ஆளுங்க தோல் இல்லண்ணா" என்று கீழே வைத்துவிடுவார்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். விம்கோ நகரில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சின்ன ரப்பர் பட்டறையில் அச்சு வேலை பார்த்தேன். லாரிக்குப் புஷ், பம்புக்கு வாஷர், குழாய்க்கு வளையம், இவைதான் எங்கள் சரக்கு. முதலாளி தெற்கே திருநெல்வேலிப் பக்கம், நாங்கள் அண்ணாச்சி என்போம். இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய காலம் அது. ஒருநாள் அந்த மேடம் ஆட்டோவில் வந்து இறங்கி, மனுஷச் சதை மாதிரி ரப்பரில் செய்து தர முடியுமா என்று கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். பெண்களுக்கு மார்பில் வருகிற கட்டியை, கத்தி வைக்காமல், ஊசி போடாமல், வெறும் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சியே பார்க்கிற ஒரு மிஷினைக் கல்லூரியில் செய்துகொண்டிருக்கிறார்கள். டார்ச் லைட்டை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் விரல் சிவப்பாகத் தெரிகிறதே, அதே சங்கதிதான், வெளிச்சம் மட்டும் வேறு. அதை முதலிலேயே மனுஷர்மேல் வைத்துப் பார்க்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நிஜச் சதை மாதிரியே நடந்துகொள்கிற ஒரு பொய்ச் சதை வேண்டும். அதற்குள் ஒரு பொய்க் கட்டியை ஒளித்து வைக்க வேண்டும். மிஷின் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் அவரே ஜெலட்டினில் செய்து பார்த்திருக்கிறார். எலும்பைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. நம்ம ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் இளகிவிட்டதாம், மறுநாள் நாற்றமாம், எறும்பாம். அதனால்தான் ரப்பரைத் தேடி வந்தார். வெள்ளிக்கிழமை விரதக்காரன் நான், எலும்புப் பசை இல்லை என்றதும் நிம்மதியாக ஒத்துக்கொண்டேன்.

வட்டமாக, மேல்பக்கம் மேடாக, ஒரு பெரிய இட்லி மாதிரி இருக்கும் நாங்கள் செய்தது. பட்டறையில் பக்கத்து மேஜைக்காரன் ஒருவன் உண்டு, என்னைவிடச் சின்னவன், வாய் சும்மா இருக்காது.

"மாமு, இட்லி வெந்துச்சா? சட்னி எடுத்துனு வரட்டா?"

"உன் வேலையப் பாரு நைனா."

"நான் பாத்துகினுதான் கீறேன். நீதான் அத்தயே தடவிகினு கீற."

அதனாலேயே வீட்டில் நான் இதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. தோல் நிறம் வராமல் போனபோதுதான் பேச வேண்டி வந்தது. மாதிரித் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலடிப்பேட்டையில் இருந்த வீட்டுக்கு வந்தேன். அது ஆடி மாதம். என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா இது, பல்லி வாலு மாதிரி?"

"கைய நீட்டு மே."

"எதுக்கு?"

"நீட்டேன், சொல்றேன்."

நீட்டினாள். வளையலை மேலே ஏற்றிவிட்டு, முழங்கைக்குக் கீழே, வெயில் அதிகம் படாத இடத்தில் ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தேன். ஜன்னலில் மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. நான் விடவில்லை.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்குகூட இப்டி பாக்கல நீ. தலைய குனிஞ்சிகினு பஜ்ஜி துன்ன. இப்போ வந்து கலர் பாக்கற."

அடுத்த வாரமெல்லாம் அவள் கைதான் எனக்குக் கண்ணுக்குள் இருந்தது. காவிப் பொடி, கொஞ்சம் மஞ்சள், அரைச் சொட்டுக் கறுப்பு என்று மாற்றி மாற்றிக் கலந்து, ஒருநாள் ஒரு துண்டை அவள் கையில் வைத்தேன். ஓரம் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவளும் குனிந்து பார்த்துவிட்டுத் துண்டைத் தடவினாள். மேடத்துக்கும் பிடித்துவிட்டது. யார் கை என்று கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து பட்டறையில் அந்தக் கலவைக்கு அதுவே பெயராகிவிட்டது. "வே, உம்ம வீட்டம்மா கலர் இருக்கா, தீந்து போச்சா?" என்பார் அண்ணாச்சி.

ஒருநாள் மாலை கீரை ஆய்ந்துகொண்டே எதற்காக இந்தத் தோல் என்று அவள் கேட்டபோது, கொஞ்சம் கூச்சத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தொடாமயே சொல்லிடுமா, உள்ள இன்னா கீதுன்னு?"

"அதுக்குத்தான் செஞ்சிகினு கீறாங்க."

"அறுக்க மாட்டாங்களா?"

"வெறும் வெளிச்சம்தான் மே."

கீரைக் காம்புகளைப் பொறுக்கித் தாளில் சுருட்டினாள்.

மறுநாள் காலை எங்கள் பெண் பள்ளிக்கூடம் போன பிறகு, நான் விபூதி பூசிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். தன் இடது மார்பின் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"ரப்பர்ல கட்டி வெக்கிற கையிதான உன்னிது. இது இன்னான்னு பாரு."

ஈரத் துணிக்குள் புளியங்கொட்டை மாதிரி இருந்தது. அழுத்தினால் நழுவவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. பொய்க் கட்டியில் கறுப்பு மையைக் கூடுதலாகக் கலந்து, சதையைவிடக் கெட்டியாகச் செய்ய வேண்டும், சதையோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும் என்று மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கெட்டி எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் மே. இன்னிக்கே போலாம்."

"வரமாட்டேன்."

"இன்னா பேசற நீ."

"எங்கக்காவ இதே மாதிரி கட்டிக்குத்தான இட்டுகினு போனீங்க. பெரம்பூர்லேர்ந்து நடந்து வந்து பஸ் ஏறினா. என் கையில சோறு வாங்கித் துன்னா. கத்தி பட்டப்பறம்தான அது ஒடம்பு பூரா ஓடிச்சு. புண்ணு ஆறுறதுக்குள்ள போயிட்டா. நான்தான குளிப்பாட்டினேன்."

அவள் அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருவன். அக்காவுக்கு ரொம்ப முற்றிய பிறகுதான் போனோம், கத்தியால் இல்லை என்று அப்போதும் சொன்னேன், பிறகும் பல தடவை சொன்னேன். அவள் குளிப்பாட்டிய உடம்பை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவளிடம் என் பேச்சு எடுபடவில்லை.

"உன் மிஷினு வரட்டும்" என்றாள். "அது பாத்து, ஆமா கெட்ட கட்டிதான்னு சொல்லட்டும். அப்ப நீ எங்க கூப்ட்டாலும் வரேன். அம்மன் மேல சத்தியம். அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது. பொண்ணுக்குத் தெரியக் கூடாது."

கெஞ்சினேன், கோபப்பட்டேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். அவள் அசையவில்லை. கடைசியில் நானும் அந்த மிஷினையே நம்பத் தொடங்கினேன். வேறு எதையும் அவள் நம்பவில்லை, அதனால்தான்.

பொய்க் கட்டியை எங்கே வைக்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மேடத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் சோதனை சோதனையாக இருக்காதாம். ஊற்றிய சதைகளைத் துணி சுற்றி ஒயர் கூடையில் எடுத்துக்கொண்டு, பஸ் மாறிக் கல்லூரிக்குப் போவேன். கறுப்புத் துணி தொங்கவிட்ட அறை. மேடம் ஒன்றை எடுத்து மிஷினில் வைப்பார். விளக்கெல்லாம் அணைந்துவிடும். டிவிப் பெட்டி மாதிரி ஒன்றில் சாம்பல் நிறமாக ஏதோ ஊரும். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "மேல், வலது பக்கம்" என்பார். நான் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

மேலாக வைத்ததையெல்லாம் அது பார்த்தது. ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே வைத்ததைப் பார்க்கவில்லை. சதைக்குள் போகிற வெளிச்சம் பாலில் விட்ட மாதிரி கலங்கிவிடுகிறது, அதனால்தான் என்றார் மேடம். ஒவ்வொரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டும், இன்னொரு தடவை பாருங்களேன் என்பேன். மேடம் அது தன் மிஷினுக்காக நான் படுகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்லண்ணா, அடுத்த தடவை பாப்போம்" என்று என்னைத் தேற்றுவார்.

வீட்டில் அவள் நேராகக் கேட்கமாட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு காலேஜிக்குப் போனியா?" என்பாள். போனேன் என்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றுவாள்.

ஆயுத பூஜை வந்தது. அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாவற்றையும் அவரே வாங்கித் தந்துவிட்டு, பூஜை முடிகிறவரை வாசலில் நின்றுகொண்டிருப்பார். எங்கள் வீட்டுப் பெண்கள் வந்து பட்டறையைக் கழுவிக் கோலம் போடுவார்கள். அந்த வருஷம் என் மனைவி வந்தாள். அச்சுக்கும் கம்ப்ரஸருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். புதிதாக ஊற்றிய சதைகள் தோல் போடாமல் வெள்ளை வெளேரென்று வரிசையாக இருந்தன. கட்டிகள் உள்ளே இருந்தன.

"எங்கய்யா ஒளிச்சு வெச்சுகீற?"

ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் விரலை வைத்து அழுத்தினாள். ஆழமாக வைத்திருந்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

"மேல ஒண்ணுமே தெரியலியே" என்றாள்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து மை டப்பியை எடுத்தாள். விளக்கில் புகை பிடித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து அவளே செய்கிற மை. எங்கள் பெண் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து அந்த மைதான். விரலில் தொட்டு, நான் காட்டிய இடத்திலேயே, கட்டிக்கு நேர் மேலே, ஒவ்வொரு சதைக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

"மொழுமொழுன்னு கீது. கண்ணு பட்ரும்."

பக்கத்து மேஜைக்காரன் பார்த்துவிட்டான். "அக்கா, இட்லிக்கா திருஷ்டி?"

"உன் மூஞ்சிக்கு வெச்சுடுவேன், ஒரு டப்பி மை பத்தாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். அவள் உதடு அசைந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

விஜயதசமியன்று வேலையைத் தொடங்கினோம். சந்தனம் குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தேன். பொட்டுகளைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போய்விட்டது. உற்றுப் பார்த்தால் விபூதி உதிர்ந்த மாதிரி ஒரு சாயல், அவ்வளவுதான். அதன்மேல் அவள் கை நிறத் தோலை ஊற்றினேன். மறுநாள் எல்லாம் ஒன்றுபோல் பழுப்பாக, மூடிக் கிடந்தன.

அந்த வரிசையைக் கொண்டுபோன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்புத் துணிக்குள் உட்கார்ந்து மேடம் முதலாவதைச் சொன்னார். ஆமாம் என்றேன். அடுத்ததைச் சொன்னார். அதுவும் சரி. பிறகு ஆழமாக வைத்ததன் முறை வந்தது. அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்து, "நடுவுல, கொஞ்சம் கீழ் பக்கமா இருக்காண்ணா?" என்றது. ஆமாம் என்று தலையாட்டினேன். இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. "அண்ணா?" என்று திரும்பவும் கேட்டார். "இருக்குது மேடம்" என்றேன். ஒன்றுகூடத் தவறவில்லை. விளக்கைப் போட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் முன்னாடிதான் லென்ஸை மாத்தினோம். அதுதான்போல" என்றார்.

"மனுஷங்களுக்கு எப்போ மேடம் வரும்?"

"சீக்கிரம்ணா. சீக்கிரம்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போய் நின்றேன். அப்புறம்தான் வீடு.

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"எல்லாத்தையும்."

"ஆழத்துல கீறத?"

"அத்தயும்தான் மே."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சீக்கிரம்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். சொன்னார்கள் என்றேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளாகவே அப்பளம் பொரித்தாள். பெண் காரணம் கேட்டதற்கு, "துன்னுடி, காரணம் கேக்கற" என்றாள்.

எங்கள் ஊர் ஈஸ்வரன் புற்று வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். ஊரே திரண்டு வரும். நாங்களும் போனோம். வரிசை தெரு வரைக்கும் நின்றது. எங்கள் முறை வந்தபோது அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். தைல வாசனை வந்தது. ஒரு நொடிதான், தள்ளிவிட்டார்கள். வெளியில் வந்து, "மூடியே கீறவரு. அவரா தொறந்து காட்டினாத்தான் உண்டு" என்றாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில் அவள் தண்ணீர்க் குடத்தை வலது இடுப்புக்கு மாற்றியிருந்தாள். நான் கேட்கவில்லை. பொறுக்காமல் ஒருநாள் கேட்டதற்கு, "இட்து பக்கம் மரத்துப் போவுது, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அவள் மார்பில் தோல் உள்பக்கமாக இழுத்துக் குழி விழுந்திருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

மார்கழியில் மேடம் இன்னொரு வரிசை கேட்டார். மேலிடத்திலிருந்து பெரிய ஆட்கள் வந்து மிஷினைப் பார்க்கப் போகிறார்கள், புதிதாக ஒன்று இருந்தால் நல்லது என்றார். அதே பொடி, அதே மை, அதே தோல். பொட்டு மட்டும் இல்லை. ஆயுத பூஜை இல்லையே. கொண்டுபோனேன். மிஷின் மேலாக இருந்ததைப் பார்த்தது. ஆழமாக இருந்த எதையும் பார்க்கவில்லை.

அவர் வயர்களைக் கழற்றி மாட்டினார். பல்பை மாற்றினார். பழைய வரிசையை வைத்தால் பளிச்சென்று தெரிந்தது. புதியதை வைத்தால் ஒன்றுமில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்ணா?"

"ஒண்ணும் இல்ல மேடம். அம்மன் சத்தியமா ஒரே கலவை."

அவர் பழைய வரிசையில் ஒன்றை எடுத்து ஓரத்தில் பிளேடால் கீறினார். தோலைப் பிடித்து மெதுவாக உரித்தார். தோல் சதையோடு இறுக்கமாகப் பிடித்திருக்கும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகத் தானே கழன்று வந்தது. அந்த இடம் வழவழவென்று இருந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. இன்னொன்றை உரித்தார். அதிலும் அப்படியே. அண்ணாச்சி குனிந்து மோந்து பார்த்தார்.

"இதென்ன, வெளக்கெண்ண வாசம்லா அடிக்கி."

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜையன்று என் மனைவி வந்ததையும், மையையும், திருஷ்டிப் பொட்டையும் சொன்னேன். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"விளக்குப் புகை" என்றார். "வெளிச்சத்தைத் தடுக்க அதைவிட நல்ல கறுப்பு கிடையாது. கட்டிக்கு நாம கலக்குற மையும் அதே புகைதான். துடைச்சாலும் கொஞ்சம் நின்னுருக்கு. மிஷின் பார்த்தது இதைத்தான். கட்டியை இல்லை." அந்தக் கறையை விரலால் சுற்றிக் காட்டினார். "ஆனா எல்லாத்துலயும் சரியா கட்டிக்கு மேலயே ஏண்ணா வெச்சாங்க? விளையாட்டுக்கா?"

பக்கத்து மேஜைக்காரன் வேலையை நிறுத்திவிட்டான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவளுக்குச் சொன்ன வாக்கு அந்த இடத்தில் உடைந்தது.

"அவளுக்கும் ஒண்ணு கீதும்மா" என்றேன். மேடம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எவ்வளவு நாளாக என்று மேடம் கேட்டார். ஆடியிலிருந்து என்றேன். மிஷின் வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்றேன். அவர் கையில் இருந்த தோலை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"அண்ணா, இது மனுஷங்ககிட்ட வர எத்தனை வருஷம் ஆகும்னு எனக்கே தெரியாது. வராமலே போனாலும் போகும். நான் சீக்கிரம்னு சொன்னது..." அதை அவர் முடிக்கவில்லை. "நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன்."

"வே, வீட்டுக்குப் போரும்" என்றார் அண்ணாச்சி. "இங்கன நின்னு என்ன செய்யப் போறீரு."

உரித்த தோலில் ஒரு துண்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். அவள் மறுநாள் கோலத்துக்குப் பூசணிப்பூ எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பெண் டியூஷனுக்குப் போயிருந்தது. துண்டை அவள் முன்னால் வைத்து, கழன்று வந்த அந்த வட்டத்தைக் காட்டினேன். மையின் சாயல் அதன் அடிப்பக்கத்திலும் ஒட்டியிருந்தது. பட்டறையில் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்ப அது பாத்தது என் பொட்டத்தானா?"

"ஆமா மே."

"கட்டிய பாக்கல."

"இல்ல."

"ஒண்ணகூடவா?"

"மேல கீறத பாக்கும். உள்ள கீறத பாக்காது."

அவள் அந்தத் துண்டை எடுத்து ஆள்காட்டி விரலால் தேய்த்தாள். விரலில் கொஞ்சம் கறுப்பு ஏறியது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பூசணிப்பூவையெல்லாம் திரும்பவும் கூடையில் அள்ளிப் போட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"இன்னாத்துக்கு அழுவற. நான்தான காட்டிக் குடுத்தேன் அதுக்கு." கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு, "காலையில எத்தன மணிக்குப் போவணும்?" என்றாள். "பொண்ணுக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டுத்தான் வருவேன்."

மேடமும் எங்களோடு வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். திரைக்குப் பின்னால் என்னையும் கூப்பிட்டார்கள். எங்கே இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, வாயைத் திறந்து சொல்ல அவளுக்குக் கூச்சம். என் கையைப் பிடித்து இழுத்து, "இவருக்கு எடம் தெரியும், காட்டுவாரு" என்றாள். காட்டினேன். ஆடியில் புளியங்கொட்டை அளவில் இருந்தது. இப்போது காட்டுவதற்கு விரலே தேவையில்லை.

"ஏம்மா இவ்ளோ நாள் வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஒரு மிஷினு வரும்னு இருந்தோம்" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்க்கவில்லை.

அறுத்தார்கள். அவள் பயந்த மாதிரி கத்தியால் ஒன்றும் ஆகவில்லை, புண் ஆறியது. ஆனால் அதற்கு முன்பே அது அக்குளுக்கும் அதற்கு அப்பாலும் போயிருந்தது. மருந்து ஏற்றினார்கள். முடி போனது, நகம் கறுத்தது. கையெல்லாம் அடுப்புக்கரி பூசிய மாதிரி ஆனது. அவள் கேட்டபோதெல்லாம் அம்மன் குங்குமம் வாங்கி வந்து கொடுத்தேன். மிஷின் கட்டியைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆயுத பூஜையன்று வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியும். பிழைக்க வேண்டும் என்று எப்போதாவது வேண்டிக்கொண்டாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

மேடம் வேலையை விடவில்லை. இன்னொரு வரிசை வேண்டும், நிறத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஊற்றினேன். பழைய அளவுதான் கலந்தேன், ஆனால் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பழக்கம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்குக் கொண்டுவந்தோம் என்று உறைத்தது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"எடு அத்த."

"வேணாம் மே."

"எடுய்யா."

பாயில் படுத்தபடியே கையை நீட்டி, துண்டை வாங்கித் தன் முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஓரம் நன்றாகத் தெரிந்தது.

"இது யாரு கையிய்யா?"

"உன்னிதுதான்."

"சோக்காத்தான் இருந்துகீறேன்" என்றாள். திருப்பித் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கார்த்திகைக்குக் கவசம் திறந்தபோது அவள் இல்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அதே தைல வாசனை. அவள் எட்டிப் பார்த்த இடத்தில் பெண்ணும் எட்டிப் பார்த்தது. நான் கும்பிட்டேன், என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அப்புறமும் சில வருஷம் அந்த வேலை வந்துகொண்டிருந்தது. மிஷின் முன்னைவிடக் கொஞ்சம் ஆழம் பார்த்தது என்று மேடம் சொன்னார். நல்லது என்றேன். ஆயுத பூஜை வந்தால் என் மேஜையைத் துணி போட்டு மூடிவிடுவேன். பக்கத்து மேஜைக்காரன் இட்லி என்று சொல்வதை விட்டுவிட்டான்.

அவள் போன பிறகு முதல் தடவை ஆர்டர் வந்த அன்று, அண்ணாச்சி வாசலில் இருந்தே, "வே, உம்ம வீட்டம்மா..." என்று தொடங்கி நிறுத்தினார். செருப்பைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்தார். பிறகு, "அந்தக் கலர் இருக்கா?" என்றார்.

"கீது அண்ணாச்சி" என்றேன்.